போடிமெட்டில் பூட்டிக்கொண்ட கார்

எண்பத்தேழா எண்பத்தெட்டா என்று சரியாக நினைவில்லை. சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை. இடம், போடிமெட்டில் செக்போஸ்ட்டுக்குப் பத்தடி கீழே இருந்த ஒரு டீக்கடை. அன்று காலை பதினொரு மணிக்கு என் காரை நானே பூட்டிவிட்டு, திறக்க முடியாமல் நடுரோட்டில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது போடியில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் சின்னக் கடை வைத்திருந்தேன். மலையில் ஓடும் ஜீப்புகளில் பாதிக்கு மேல் என் கைபட்டவை. பேட்டரி, டைனமோ, ஹாரன் எதுவானாலும் என்னிடம்தான் வரும். கரண்டு வேலையில் இவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப் போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சினன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தான். வரும்போது காருக்குப் போடும் ரிமோட் பூட்டு ஒன்று வாங்கி வந்தான். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதில் ஒரு பொத்தான். அமுக்கினால் தூரத்தில் நிற்கும் கார் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும், மறுபடி அமுக்கினால் திறக்கும். டீவிக்கே ரிமோட் பார்க்காத ஊர் அது. என் பழைய வெள்ளைக் காரில் அதைப் பொருத்த எனக்கு மூன்று நாள் ஆனது. பொருத்தியதோடு விட்டேனா, திருடன் கம்பி விட்டுத் திறந்துவிடக் கூடாது என்று முன்கதவின் முக்கோணக் கண்ணாடிக்கு உள்ளே இரும்புப் பட்டை வைத்து இறுக்கினேன். கதவுகளின் வெளிப்பக்கச் சாவித் துவாரங்கள் பழசாகி, சாவி போட்டாலும் திறக்காமல் சும்மா சுற்றின. ரிமோட் இருக்கும்போது அது எதற்கு என்று அப்படியே விட்டுவிட்டேன்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை எங்கே நிறுத்தினாலும் சாவியை எடுக்க மாட்டார்கள். ரோடு குறுகல், திருப்பத்துக்குத் திருப்பம் கொண்டை ஊசி. நிறுத்தியவர் எங்கேயாவது போயிருந்தாலும் அவசரத்துக்கு வேறு யாராவது ஏறி வண்டியை நகர்த்திக்கொள்ளலாம். களவு போகாதா என்றால், மேலே ஒரு செக்போஸ்ட், கீழே முந்தலில் ஒரு செக்போஸ்ட். நடுவில் திருடி எங்கே கொண்டுபோவது. எனக்கும் அந்தப் பழக்கம் கையோடு ஊறியது.

அன்று பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய் எஸ்டேட்டில் ஜெனரேட்டர் வேலை இருந்தது. போகிற வழியில் டீ குடிக்க இறங்கினேன். காரை இடது ஓரமாகத்தான் நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் சாவியை உள்ளேயே விட்டேன். டீக்கடைக்காரர் மலையாளி, நன்றாகத் தெரிந்தவர். அவரிடம் ரிமோட்டைக் காட்டாமல் இருக்க முடியுமா? பெஞ்சில் உட்கார்ந்தபடியே அமுக்கினேன். 'டிக்.' லைட் ஒருமுறை சிமிட்டியது.

"எந்தா சேட்டா இது, மந்திரமா?" என்றார் அவர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பாதி டீதான் குடித்திருப்பேன். போடியிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வந்த லாரி ஒன்று என் காரைத் தாண்டும் நேரத்தில் 'மடார்' என்று சத்தம் போட்டு அப்படியே நின்றது. ஆக்சில் முறிந்துவிட்டது. கிளீனர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல்லைப் போட்டு அண்டை கொடுத்தான். இந்தப் பக்கம் என் கார், அந்தப் பக்கம் லாரி. நடுவில் ஒரு சைக்கிள் போகலாம். காரை முன்னால் எடுக்கலாம் என்று எழுந்தபோது, மேலேயிருந்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஒரு ஜீப் வந்தது.

உள்ளே ஒரு ஆள் கிடந்தார். முப்பது வயதிருக்கும். எஸ்டேட்டில் நிழல்மரத்துக்குக் கவாத்து எடுக்கும்போது கிளையோடு விழுந்திருக்கிறார். தொடையைச் சுற்றிக் கட்டியிருந்த வேட்டி முழுக்க ரத்தம். தலையை மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி. சுற்றிலும் கூட வேலை பார்க்கும் ஐந்தாறு ஆட்கள்.

ஜீப் டிரைவர் இறங்கி ஓடி வந்தார். "அண்ணே, இது யாரு வண்டி? வெரசா முன்னால எடுங்க. ஆளு ரொம்ப மோசமாக் கெடக்கு."

செக்போஸ்ட் போலீஸ்காரரும் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னைக்குச் சனிக்கிழமை. போடி ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரு தேனிக்குக் கெளம்பிருவாரு. நான் வயர்லெஸ்ல சொல்லி நிறுத்தி வைக்கச் சொல்றேன். நீங்க வண்டிய வெலக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

நான் ரிமோட்டை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. கிட்டத்தில் போய் அமுக்கினேன். கண்ணாடியில் ஒட்டி வைத்து அமுக்கினேன். கார் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது.

"சாவி உள்ளதான தொங்குது" என்றார் டிரைவர்.

"உள்ளதான் இருக்கு. ஆனா பூட்டிருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மலையில வண்டியப் பூட்டுவாகளாண்ணே?"

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்குக் காது சூடானது. ரிமோட்டின் மூடியைக் கழற்றி, பேட்டரியை வேட்டியில் துடைத்து மறுபடி போட்டேன். அமுக்கினேன். இல்லை. கம்பி விடலாமென்றால் முக்கோணக் கண்ணாடியை நானே அடைத்து வைத்திருக்கிறேன். ஜீப்பிலிருந்து அந்த ஆள் முனகும் சத்தம் கேட்டது. டீக்கடை ரேடியோ வேறு பாட்டை விழுங்கிவிட்டு 'கொர்' என்று இரைந்துகொண்டிருந்தது.

டிரைவர் ரோட்டோரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கதவுக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்து கேட்கவில்லை. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"ஒரு நிமிசம். இப்பத் தொறந்துரும்" என்றேன்.

கண்ணாடிக்கு ஆகும் செலவு அப்போது என் நினைவிலேயே இல்லை. நான் பொருத்திய பூட்டு எனக்கே திறக்காது என்பதை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அவ்வளவுதான். மறுபடி அமுக்கினேன். மறுபடி ஒரு நிமிடம் என்றேன். டிரைவரின் கை தாழ்ந்தது.

அதற்குள் ஜீப்பிலிருந்த பெண் கணவரின் தலைக்கு அடியில் சாக்கு ஒன்றைச் சுருட்டி வைத்துவிட்டு இறங்கி வந்தாள். சேலையெல்லாம் ரத்தம். ஆட்களைப் பார்த்து, "வண்டியத் தூக்கிருவோம். ஆளுக்கு ஒரு கை பிடிங்க" என்றாள். அவளே முதலில் போய்ப் பின்பக்க பம்பரைப் பிடித்தாள். ஜீப்பில் வந்தவர்கள், லாரிக்காரர்கள், டீ குடிக்க வந்தவர்கள் என்று பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கி உள்ளே எறிந்தார். கடை வாசல் பந்தலின் காலைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார். நான் அப்போதும் கையில் அந்தப் பெட்டியோடுதான் நின்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, அந்தப் பொட்டிய வச்சிட்டு நீங்களும் ஒரு கை பிடிங்க" என்றாள்.

சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போய்ப் பிடித்தேன். பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிக் கடைப் பக்கம் வைத்தோம். பிறகு முன்பக்கம். நாலைந்து தடவை தூக்கியதில் பாதிக் கார் டீக்கடைக்குள் போயிருந்தது. ஜீப் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு தாண்டியது. அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில் ஹாரன் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் வெளியே வந்தார். "சொல்லிட்டேன். டாக்டர நிறுத்திட்டாகளாம்" என்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்த ரிமோட்டை எடுத்து அமுக்கினேன்.

'டிக்.' லைட் சிமிட்டியது. நாலு கதவுப் பூட்டும் திறந்துகொண்டன.

டீக்கடைக்காரர் குனிந்து பந்தல் காலை நட்டுக்கொண்டிருந்தார். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

ஜெனரேட்டர் வேலையை விட்டுவிட்டுக் காரைத் திருப்பி போடிக்கு இறங்கினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெண் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. அவள் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். "என்னாலதான் தாமசமாப் போச்சு, தங்கச்சி" என்றேன்.

"நீங்க என்னண்ணே செய்வீக. பூட்டு தொறக்கல" என்றாள். திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் டாக்டர் வந்து, உயிருக்குப் பயமில்லை, கால் சரியாக நாளாகும் என்றார். அவள் அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அண்ணே, ஒங்களுக்குச் சோலி இல்லேன்னா ஒரு ஒத்தாச. மேல லயத்துல எம் புள்ளைக ரெண்டும் அழுதுக்கிட்டுக் கெடக்கும். அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, ஆத்தா சொல்லிவிட்டுச்சுன்னு சொல்லிருங்க" என்றாள்.

அவளுக்கு இடைஞ்சல் செய்த அதே காரை நம்பித்தான் அந்தச் சேதியைக் கொடுத்தாள். நான் மறுபடி மலையேறினேன்.

போகும்போது டீக்கடையில் நிறுத்தி, பிழைத்துக்கொண்டார் என்று சொன்னேன். டீக்கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் பேச்சோடு பேச்சாக, "போலீஸ் சார் வயர்லெஸ்ல பேசினா என் ரேடியோ இப்படித்தான் இரையும். அவர் நிறுத்தினா பாட்டு வந்திரும்" என்றார். எனக்குச் சுரீர் என்றது. வயர்லெஸ் பேசும்போதெல்லாம் அதன் அலை என் ரிமோட்டின் சின்ன அலையை அமுக்கியிருக்கிறது. ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று ரகசியம் பேசினால் யாருக்குக் கேட்கும்? ரேடியோ என் காதுக்குப் பக்கத்தில் கத்திச் சொல்லியும் கரண்டு வேலை தெரிந்த எனக்கு உறைக்கவில்லை. ஒரு வகையில் உறைக்காததும் நல்லதுதான். உறைத்திருந்தால், பேச்சை நிறுத்துங்கள் என்று அந்தப் போலீஸ்காரரிடம் ஓடியிருப்பேன். டாக்டர் கிளம்பிப் போயிருப்பார்.

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான அந்த லயத்தில் பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். பெரியவள் நம்பாமல் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சொன்னேன். அந்த மனிதர் இரண்டு மாதம் கழித்துக் கோல் ஊன்றி நடந்ததாக அதே ஜீப் டிரைவர் என் கடைக்கு ஹாரன் மாட்ட வந்தபோது சொன்னார். கல்லைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது என் பேரன் காரைச் சாவியே இல்லாமல் திறக்கிறான். எப்போதாவது திறக்கவில்லையென்றால் ஏன் என்று என்னிடம் கேட்பான். அலை, இடைஞ்சல் என்று அழகாக விளக்கிச் சொல்வேன். ஆனால் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்து நின்றபோது, 'உடைங்க' என்ற ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராமல் போனதற்கு எந்த வயர்லெஸ் மேலும் என்னால் பழி போட முடியவில்லை.