லோக்கல்தான், அக்கா

மயிலாப்பூர் சூடாமணிக்கு டெலிபோன் புதிதல்ல. இருபது வருஷம் ட்ரங்க் கால் இணைத்துக் கொடுத்தவள். வெளியூருக்கு நேராகவே நம்பர் சுழற்றும் எஸ்.டி.டி. வந்து அந்த வேலையைத் தின்றுவிட, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள். சும்மா உட்காருவது அவளுக்கு ஆகாது. 1996-இல் அடையாறில் ஒரு மாடியறைக்கு, எய்ட்ஸ் பற்றி இளவட்டங்கள் கேட்கும் சந்தேகங்களுக்குப் போனில் பதில் சொல்லப் போனாள்.

"டெலிபோன் வேலைன்னு மட்டும் சொல்லு. என்ன டெலிபோன்னு தெருவெல்லாம் சொல்லிண்டிருக்காதே" என்றார் கணவர் வேதாந்தம். எய்ட்ஸ் என்று வாயால் சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்களே பயந்த காலம்.

கூப்பிடுகிறவர்கள் பேர், நம்பர் எதுவும் சொல்ல வேண்டாம். அதுதான் அங்கே சட்டம்.

ஒரு மத்தியானம் ஒரு பையன் பேசினான். தி. நகர் ஜவுளிக்கடையில் வேலை, பதினெட்டு வயது, தெற்கத்திப் பேச்சு. போகக்கூடாத இடத்துக்கு ஒருமுறை போய்விட்டானாம். செல்போன் பணக்காரர் பையில் மட்டும் இருந்த நாள். இவனுக்கு ஒரு ரூபாய்க் காசு போடும் பெட்டிதான். சூடாமணி பயிற்சியில் சொன்னபடியே கேட்டாள்.

"எஸ்.டி.டி. ஏதாவது இருக்காப்பா?"

"இல்லக்கா, லோக்கல்தான்."

யாரோ உள்ளூர்ப் பெண் என்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தாள். நோய் இல்லையே, அது போதும். "நல்லதுப்பா, பயப்படாதே" என்றாள். மேற்கொண்டு பேசுவதற்குள் காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே பூத்தின் மஞ்சள் போர்டு கண்ணில் பட்டது. எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. அடக் கடவுளே! பயிற்சி கொடுத்த டாக்டரம்மாவுக்கு எஸ்.டி.டி. என்றால் பால்வினை நோய். ஊருக்கெல்லாம் அது வெளியூர்க் கால். டெலிபோனிலேயே ஊறியவளுக்கு இது தட்டுப்படவில்லையே! முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. அவனுக்கு நோய் இருந்தால்? ஒன்றுமில்லை என்று நம்பவைத்து அனுப்பியது அவள்தானே. திருப்பிக் கூப்பிட நம்பர் ஏது?

அதன் பிறகு முறை இல்லாத நாளிலும் போய் உட்கார்ந்தாள். மணி அடித்தால் எல்லோரையும் முந்திக்கொண்டு எடுத்தாள். அவனாக இருக்கட்டும் என்று கபாலியை வேண்டாத நாளில்லை.

ஒருநாள் அவனே பேசினான். நன்றி சொல்லத்தான்.

"நீங்க நல்லதுன்னு சொன்ன பொறவுதாங்க்கா நிம்மதியா தூங்குதேன்."

எந்த வார்த்தையில் கேட்பது என்று சூடாமணி தேடினாள். 'பால்வினை நோய்' என்றால் இவனுக்குப் புரியாது. புரிகிற பேர் ஒன்று உண்டு. வாங்கிக்கொண்டு வருகிறவன் ஆண், பழி மட்டும் பெண் பேரில்! கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து மேஜையில் அவளைப்போலவே போன் எடுக்கும் கல்யாணராமன் வேறு இருந்தார். ஆனால் காசு ஓடிக்கொண்டிருந்தது.

"நான்தாம்ப்பா தப்பா கேட்டுட்டேன். ஃபோனைப் பத்திக் கேக்கலை. பொம்பளை சீக்குன்னு சொல்லுவாளே, அது இருக்கா? புண்ணு, எரிச்சல், ஏதாவது?"

கல்யாணராமன் பேனாவைக் கீழே போட்டார்.

"புண்ணு இருக்குக்கா."

"மருந்துல சரியாயிடும். ஆனா அதை மூடி வெச்சிண்டிருந்தா எய்ட்ஸ் தொத்திக்கறது சுலபம். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ. அங்க..."

காசு தீரப்போகிறது என்று போன் கூவியது. சூடாமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

பெட்டிக்குள் இன்னொரு காசு விழுந்தது.

"சொல்லுங்கக்கா" என்றான்.