முக்காலியிடம் சொன்ன குறைகள்

பதுளைக் கடைவீதிக்குச் சாமான் வாங்க வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் குறை சொல்லத்தான் வந்தார்கள். சொல்லி முடித்தபின் வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, ஒரு கட்டுப் பொயிலையோ ஒரு தீப்பெட்டியோ வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் கடை ஓடியது அப்படித்தான். இதை என் வீட்டுக்காரர் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார். வாசலை ஒட்டி, பணப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலாமர முக்காலி கிடந்தது. காலையில் அதில் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். வருகிறவர் என்ன சொன்னாலும் கேட்பார். குறுக்கே பேசமாட்டார், தன் கதையை எடுக்கமாட்டார். கடைசியில் இரண்டு வார்த்தை சொல்லுவார். அதுவும் அவர்கள் சொன்னதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னதாக இருக்கும். ஆனால் வந்தவருக்கு வயிறு குளிர்ந்துவிடும்.

நான் உள்ளே, சாக்குத் திரைக்குப் பின்னால், மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டும் கருவாட்டை வெயிலுக்கு எடுத்து வைத்துக்கொண்டும் இருப்பேன். எல்லாம் காதில் விழும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கங்காணி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். தலைப்பாகையைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்.

"என்னங்க மொதலாளி, சண்ட எங்கயோ சீமையில நடக்குது. இங்க எதுக்குங்க மொளகா வெல ஏறுது? அந்தத் தொரமாரு மொளகாயா திங்கிறாங்க?"

சாமான் ஏற்றி வரும் வண்டிக்காரருக்கு ரயில் மேல்தான் கோபம். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. அங்கே இறங்கும் மூட்டைகளை மாட்டு வண்டியில் பதுளைக்குக் கொண்டுவருவதுதான் அவர் பிழைப்பு. பதுளைக்கும் பாதை போடப்போகிறார்கள் என்று யார் வாயைத் திறந்தாலும் அவருக்கு மூக்கு விடைக்கும்.

"வரட்டும், நல்லா வரட்டும். அப்புத்தளைக்கு ரயில் வந்தப்ப வண்டிப் பாதையில இருந்த பெரகல கடைங்க என்ன ஆச்சு? வண்டி நின்னாத்தானேங்க அங்க கட. பாதிக் கட பலகையச் சாத்திருச்சு. நாளைக்கு உங்களுக்கும் எனக்கும் அதே கதிதான்" என்பார்.

பக்கத்துச் சீலைக்கடை முஸ்லிம் நானாவுக்கு அரசியல். கொழும்புச் சட்டசபையில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். "அதுல நம்மள மாதிரி கடக்காரன் ஒருத்தன் இருக்கானா சொல்லுங்க. ஒரு கொத்து அரிசி என்ன வெலன்னு கேட்டா அவங்க வீட்டுச் சமையக்காரன்கிட்டப் போய்க் கேட்டு வந்துதான் சொல்லணும்" என்பார். பெரிய மனிதர்களைத் திட்டி முடித்ததும் மூவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். அது எதிர்வரிசையில் புதிதாகத் திறந்திருந்த கடை. பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது கண்ணாடிக் கடை. கடைக்காரன் கண்ணாடி அலமாரிக்குள் சாமானை அடுக்கி, ஒவ்வொன்றின்மேலும் விலையை அட்டையில் எழுதி வைத்திருந்தான். பேரம் கிடையாது, பேச்சும் கிடையாது. உட்காரச் சொல்லவும் ஆள் இல்லை. "வெலைய அட்டையே சொல்லிரும்னா அங்க மனுசன் எதுக்குங்க?" என்று கங்காணி கேட்டபோது நான் திரைக்குப் பின்னால் சிரித்துவிட்டேன்.

சண்டை முடிகிற தறுவாயில் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. தோட்டத்துக் கூலிக் குடியிருப்புகளில், லயத்துக்கு லயம், பிணம் தூக்க ஆள் இல்லை என்றார்கள். பதுளைக்குள்ளும் வந்தது. என் வீட்டுக்காரர் காய்ச்சலோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கச் சொன்னால் கேட்கவில்லை. படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. கொழுந்தன் ராமநாதபுரத்துப் பக்கம் ஊரில் இருந்தார். காய்ச்சல் ஓயாமல் கப்பல் ஏற விடமாட்டார்கள், வந்ததும் கடையை விற்று என்னை அழைத்துப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அழைத்துப் போவது எங்கே என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டு அடுப்படிக்கு. விசேஷ நாளில் யார் கண்ணிலும் படாமல் இருக்கச் சொல்லுவார்கள், மற்ற நாளில் நெல் அவிக்கச் சொல்லுவார்கள். அதற்குப் பயந்துதான் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கடைப் பலகையை நானே எடுத்தேன். அவர் வரும்போது கடை ஓடுகிறது என்று காட்டிவிட்டால் பிழைத்தேன். காட்டாவிட்டால் என் உயிர் அந்த அடுப்படியில்தான் போகும்.

போணி என்று ஒன்று இருக்கிறதே, அதை மறந்துபோனேன். விடிந்ததும் நடக்கும் முதல் வியாபாரம். அது நல்ல கையால் ஆனால்தான் விற்றவருக்கும் வாங்கினவருக்கும் அந்த நாள் விளங்கும். வெள்ளைச் சீலைக்காரி கையால் போணி வாங்க எவன் வருவான்? தெருவில் நின்று பார்த்தார்கள். நல்லவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், மற்றவர்கள் குனியாமல் போனார்கள். முதல் ஆள் வராததால் இரண்டாவது ஆளும் வரவில்லை. மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எதிரே கண்ணாடிக் கடையில் அட்டையைப் படித்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றி எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கங்காணி வந்தார். வழக்கம்போல ஒரு காலைப் படியில் வைத்தார். தலைப்பாகையைக் கழற்றினார். நான் நின்ற பக்கம் அவர் கண் வரவே இல்லை. காலியாகக் கிடந்த முக்காலியைப் பார்த்தார்.

"என்னங்க மொதலாளி," என்றார். "காலையில பெரட்டுல ஆள் எண்ணினா பாதி ஆளு இல்லீங்க. காய்ச்சல்ல போனவன் போயிட்டான். இருக்கிறவன் ரெண்டு ஆளு வேல செய்யணும்னு தொர சொல்றாரு. அரிசியவும் கொறச்சுப்புட்டாங்க. எங்க போயிச் சொல்றது?"

சொல்லிவிட்டுத் தலைப்பாகையை மறுபடி கட்டினார். பிறகு காசை எடுத்து முக்காலிமேல் வைத்தார். "ஒரு கட்டுப் பொயில குடுங்க" என்றார், அதையும் முக்காலியைப் பார்த்தே. பொயிலையை எடுத்து அவர் கையில் கொடுக்காமல் முக்காலியின்மேல் வைத்தேன். அவர் அங்கிருந்து எடுத்து மடியில் சொருகிக்கொண்டார். "வரேங்க மொதலாளி" என்று படியிறங்கினார். போணி ஆகிவிட்டது. யார் கையால் ஆனது என்று கேட்டால், என் வீட்டுக்காரர் கையால்.

அவ்வளவுதான், கடைவீதிக்கே வழி தெரிந்துவிட்டது. மறுநாள் வண்டிக்காரர் வந்தார், அதற்கடுத்து நானா வந்தார். "மவுத்தானவரோட பேசுறது எங்க மார்க்கத்துல கூடாது, ஆனா வேற யாருகிட்டச் சொல்றது மொதலாளி" என்று முக்காலியிடமே மன்னிப்பும் கேட்டுக்கொண்டு சட்டசபைக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தோட்டத்துப் பெண்கள் வந்தார்கள். காசை முக்காலியில் வைத்தார்கள், சாமானை முக்காலியிலிருந்து எடுத்தார்கள். நிறுத்துப் போட்ட கை யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. நானும் கெட்டிக்காரிதான். அவருடைய சால்வையை மடித்து முக்காலிமேல் விரித்தேன். வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் வைத்தேன். வியாபாரம் நடந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் நான்.

ஆனால் பதுளையில் மழைக்காலம் வந்தால் பனிமூட்டம் கடைக்குள்ளேயே ஏறி வரும். அந்த வெளிச்சத்தில் சால்வை அழுந்தியிருப்பதுபோல் தோன்றும். நீவி விடுவேன். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி அழுந்தியிருக்கும். காசு வைத்து எடுக்கிற அழுத்தம்தான் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் வண்டிக்காரர் சுமைகூலியைக் குறைத்துவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார். தலையைச் சாய்த்து எதையோ காது கொடுத்துக் கேட்டார். பிறகு மெல்ல ஆட்டினார். "நீங்க சொல்றதும் சரிதாங்க. பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார்.

கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். வண்டிக்காரர் கூரையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்போல. என்னை மட்டும் பார்க்கவில்லை. சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. செத்தவரை நினைத்தா, என்னை நினைத்தா என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் அங்கே இருந்தார். நான்தான் இல்லை. சுவரில் என் நிழல் விழுகிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன்.

கப்பல் விட்டதும் கொழுந்தன் வந்து இறங்கினார். வந்த மறுநாளே சால்வையை உதறி மடித்து வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். நானா வாசல் வரை வந்தார், பார்த்தார், திரும்பிப்போனார். வண்டிக்காரர் மூட்டையை இறக்கிப்போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் போனார். கங்காணி படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு, "மொதலாளி இல்லீங்களா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டுவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். கடை மறுபடியும் ஈ ஓட்டியது.

சரி, சரக்கையும் வாடகை உரிமையையும் விற்றுத் தொலைப்போம் என்று கொழுந்தன் கண்ணாடிக் கடைக்காரனிடம் பேசினார். எங்கள் இடத்தின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். ஆனால் வந்து பார்த்தவன் உள்ளே கால் வைக்கவில்லை. "ஆள் இருக்கிற கடைய நான் வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். கேட்ட மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

கொழுந்தன் முகம் வெளுத்துவிட்டது. "மதினி, அண்ணன் நெசமாவே இங்க இருக்காகளா?" என்று கேட்டார்.

"நீங்க எந்திரிங்க, தெரியும்" என்றேன்.

எழுந்தார். சால்வையை நான் பழையபடி விரித்தேன். அன்றைக்கே நானா வந்து முக்காலியிடம் அரைமணி நேரம் பேசினார். ஒரு இடத்தில் அவரும் பேச்சை நிறுத்தி, கேட்டு, சிரித்துக்கொண்டார். கொழுந்தன் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அந்த வாரமே ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். படியிறங்கும்போது முக்காலியைப் பார்த்துக் கும்பிட்டு, "வாரேன் அண்ணாச்சி" என்றார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவரை ஓட்டிவிட்டோம் என்று நினைத்தேன். யாரோடு சேர்ந்து ஓட்டினேன் என்று நினைத்ததும், முக்காலிக்கு முதுகைக் காட்டாமல் உள்ளே போனேன்.

வருஷங்கள் போயின. கடைசியில் ரயில் பதுளைக்கும் வந்தது. ஊரே ஸ்டேஷனுக்குப் போய் வேடிக்கை பார்த்தது. சாமான் கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. கண்ணாடிக் கடைக்காரன் பக்கத்து இடத்தையும் சேர்த்துக் கடையை இரட்டிப்பாக்கினான். புதுக் கடைகள் வரிசையாக முளைத்தன, எல்லாவற்றிலும் விலை அட்டை. என் கடைக்கு வாடகையை ஏற்றினார்கள். கூரை ஒழுகியது, கட்டடத்துக்காரன் கவனிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஒருவன் கொடுத்தால் ஒரு விலை, மற்றவன் கொடுத்தால் ஒரு விலை. எனக்கும் நெஞ்சு முட்டக் குறை இருந்தது. சொல்ல ஒரு ஆள் இல்லை.

மழை விட்ட ஒரு மத்தியானம், தெருவில் யாரும் இல்லாத நேரம், நான் கடையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். வாங்க வருகிறவர்கள் நிற்கிற இடத்தில் நின்றேன். ஒரு காலைப் படியில் வைத்தேன்.

"இங்க பாருங்க," என்றேன். வாடகையைச் சொன்னேன். கூரையைச் சொன்னேன். இத்தனை வருஷமாக ஒருத்தர்கூட என் முகத்தைப் பார்த்து ஒரு சேர் உப்பு கேட்டதில்லை என்பதைச் சொன்னேன். "உங்கள இங்க உக்கார வச்சவ நான். காப்பாத்தினவ நான். எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றேன்.

வண்டிக்காரரைப்போலத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தேன். சால்வைமேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. மரமும் துணியும்தான் இருந்தன. ஊரில் அத்தனை பேருக்கும் பதில் சொன்ன மனிதர் எனக்கு வாய் திறக்கவில்லை. உயிரோடு இருந்தபோதும் நான் ஏதாவது சொல்ல வந்தால் சோறு ஆறிப்போகும் என்று எழுந்து போனவர்தான். அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். வண்டிக்காரர். ரயில் வந்தபின் வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கையில் சாட்டைக்கம்பு இல்லாமல் அவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் கண்ணை நேராகப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார்.

"சொல்லி முடிச்சிட்டீங்களாம்மா?" என்று பணிவாகக் கேட்டார். "முடிச்சிட்டா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மொதலாளிகிட்ட நானும் ரெண்டு வார்த்த பேசணும்."

நான் தள்ளி நின்று வழி விட்டேன்.