வாட்டுக்கு வெளியில் நின்றவன்

இன்று வவுனியாவில் மகளை ஆசுபத்திரியிலிருந்து துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் செய்து, கூட்டி வந்தோம். கரு கலைந்து, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்திருந்தார்கள்.

வெளிக்கிட முன்னம், வீட்டில் கவனிக்க வேண்டியதைச் சொல்ல நர்ஸ் கட்டிலடிக்கு வந்தார். உடனே மருமகன் எழும்பினார்.

"பொம்பிளையளின்ர கதை மாமா. வாங்கோ, வெளியில நிப்பம்."

"இருங்கோ தம்பி, கேப்பம்," என்றேன். மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸ் கடதாசியை நீட்டினார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது பிள்ளை. வாயால சொல்லுங்கோ, மறக்கமாட்டன்."

காய்ச்சல், கெட்ட மணம், கூடுகிற வயிற்றுவலி, மணித்தியாலத்துக்குள் ஒரு நாப்கின் நனைகிற இரத்தம். ஒன்று வந்தாலும் உடனே கூட்டி வரவேண்டும் என்றார். அப்படியே திருப்பிச் சொன்னேன்.

"ஐயாவை இஞ்சை வேலைக்கு எடுக்கலாம்," என்று சிரித்தார்.

அக்கராயனில் இருந்தபோது என் மனைவிக்கும் இதே சுத்தம் செய்தார்கள். நாலாம் நாள் காய்ச்சல். சளித் தடிமன்தான் என்று போர்த்திக்கொண்டு படுத்தாள். மூன்று நாள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். பிறகு அவள் இல்லை.

"பிள்ளை, அந்தக் காலத்திலயும் இதெல்லாம் சொல்லுறவையோ?"

"ஓம் ஐயா. துண்டு வெட்டேக்கை எப்பவும் சொல்லுறதுதானே."

அன்று மனைவியிடம் நர்ஸ் வந்ததும் மரியாதைக்கு எழும்பிப் போய், வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றேன். என்ன சொன்னவை என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல மருமகன்தான் இதைப் பேஸ்புக்கில் போடப் போனில் எழுதுகிறார்.

இப்படி மரியாதையாக வெளியே நின்ற ஆம்பிளையள் வேறு ஆரும் இருந்தால் கீழே சொல்லுங்கோ. எனக்கும் ஒரு துணை வேண்டும்.