பண்டமாரான் வீட்டு மிஸ்ஸி

உஷாராணியை வாசலிலேயே மறித்துவிட்டார் கன்னையா. ஒரு கையால் இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் காட்டினார்.

"மிஸ்ஸி, மொதல்ல அதக் கழட்டி பேக்குள்ள போடுங்க. அந்த ஹோஸ்பிஸ்ங்கிற வார்த்தைய எம் பொண்டாட்டி படிச்சிடக் கூடாது. படிச்சா அன்னிக்கே போயிடுவா."

"அப்போ ஆன்டிகிட்ட நான் யாருன்னு சொல்றது அங்கிள்?"

"வயித்துப் புண்ணுக்கு மருந்து குடுக்க வர்ற மிஸ்ஸின்னு சொல்லிருக்கேன்."

உஷாராணி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். தீராத நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்க்கும் ஹோஸ்பிஸ் தாதி வேலைக்கு அவள் வந்து அரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு முன் கோலாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தாதிப் பயிற்சி முடித்த நாளிலிருந்து அந்தக் குளிர்ந்த அறைதான் அவள் உலகம். அங்கே சாவு என்றால் தோல்வி. கடைசி மூச்சு வரைக்கும் மார்பை அழுத்துவார்கள், குழாய் போடுவார்கள். கணவனோ மனைவியோ கண்ணாடிக்கு வெளியே நிற்பார்கள். ஒருநாள் ஒரு முதியவர் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று அவர் கைகளைக் கட்டிலோடு கட்டிவிட்டுத் திரும்பியபோது, வெளியே நின்ற அவர் மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை உஷாராணியால் மறக்க முடியவில்லை. வேலையை மாற்றிக்கொண்டாள்.

மாற்றிக்கொண்ட பிறகும் மனம் ஒட்டவில்லை. சிறிய காரை ஓட்டிக்கொண்டு கிள்ளான் முழுக்கச் சுற்றுவது, மார்ஃபின் சிரப் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது, "வெளிக்குப் போனீங்களா, தூங்குனீங்களா" என்று கேட்பது. இதற்கா இத்தனை வருடம் படித்தோம், உழைத்தோம் என்று இருந்தது. அவள் கணவன் பரமேஸ்வரனும் ஒருநாள் கேட்டான்: "உயிரக் காப்பாத்திக்கிட்டு இருந்தவ. இப்போ அங்க போயி என்னதான் செய்யறே?" அவள் மறுநாளுக்கான மருந்துப் பையை அடுக்கத் தொடங்கினாள்.

கன்னையா கிள்ளான் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பவுனம்மாளுக்குக் கருப்பையில் தொடங்கிய புற்றுநோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. பண்டமாரானில் அந்த வரிசை வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். ஒரே மகள் ஷாமினிக்கு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறு வந்து போவாள். மற்ற நாட்களில் மனைவியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, கஞ்சி காய்ச்சுவது எல்லாம் கன்னையாதான்.

இரண்டாவது முறை போனபோது கன்னையா ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கேட் சாத்தும் சத்தம் கேட்டதுதான் தாமதம், பவுனம்மாள் உஷாராணியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மிஸ்ஸி, இது புண்ணு இல்ல, கேன்சரு. எனக்குத் தெரியும்."

உஷாராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் ஆன்டி சொன்னா?"

"பெரிய ஆஸ்பத்திரியில டாக்டரு என் மககிட்ட மலாய்ல சொன்னாரு. எனக்குப் புரியாதுன்னு நெனச்சாங்க. நான் பாசார்ல காய்கறி வித்தவ மா. மலாய் தெரியாமயா இத்தன வருஷம் யாவாரம் பண்ணேன்?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவருகிட்ட சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு ஒடஞ்சி போயிடுவாரு."

அன்று காரில் ஏறியதும் உஷாராணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரே வீடு, ஒரே ரகசியம், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு பயம் வந்தது. இருவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் நிற்பது அவள்தான். உட்கார வைத்துப் பேச வேண்டும், அடுத்த வாரம் பேசலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் பவுனம்மாளுக்கு வாந்தி. அதற்கடுத்த வாரம் வேறு என்னவோ. இப்படியே தள்ளிப்போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கிளம்பும்போது கன்னையா வாசல் படியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது.

"என்ன அங்கிள், வலியா?"

"வாயு லா மிஸ்ஸி. இவளத் தூக்கித் தூக்கி தோள்பட்ட புடிச்சிக்கிச்சி."

"கிளினிக்ல காட்டுங்க அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே அவள் காருக்குப் போய்விட்டாள். காப்பார் ஊரில் அடுத்த நோயாளி காத்திருந்தார்.

மறு செவ்வாய்க்கிழமை காலை அவள் போனபோது கேட் திறந்து கிடந்தது. வீட்டுக்குள் ஏதோ கருகும் நாற்றம். "அங்கிள்?" என்று கூப்பிட்டபடி நேரே அடுப்படிக்குப் போனாள். கன்னையா தரையில் மல்லாந்து கிடந்தார். கரண்டி ஒருபுறம் கிடந்தது. அடுப்பில் கஞ்சி தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது.

அவளுக்கு ஒரு கணம் எதுவுமே விளங்கவில்லை. இந்த வீட்டில் சாவை எதிர்பார்த்துத்தான் வாரா வாரம் வருகிறாள். ஆனால் அது படுத்திருக்கும் அறையைத் தாண்டி, தவறான ஆளிடம் வந்துவிட்டது போலிருந்தது. கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இல்லை. அடுப்பை அணைத்தாள், ஆம்புலன்ஸை அழைத்துக் கைப்பேசியைத் தரையில் வைத்தாள், மண்டியிட்டு மார்பை அழுத்தத் தொடங்கினாள். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. பழைய பழக்கத்தில் வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அறையிலிருந்து பவுனம்மாள் குரல் வந்தது. "யாரு, மிஸ்ஸியா? என்ன கருகுது?"

"நான்தான் ஆன்டி! அடுப்ப அணச்சிட்டேன்!"

"அவரு எங்க?"

உஷாராணி அழுத்துவதை நிறுத்தவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தாள். வியர்வை கண்ணில் இறங்கியது. அறையிலிருந்து மறுபடி குரல் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

ஆம்புலன்ஸில் வந்த இருவர் அவளை விலக்கிவிட்டுத் தங்கள் கருவிகளைப் பொருத்தினார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். கடைசியில் மூத்தவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தலையை அசைத்தார். "சுடா தாக் அடா, மிஸ்ஸி." இல்லை, போய்விட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், போலீசுக்கும் சொல்ல வேண்டும் என்றார். உஷாராணிக்கு அதெல்லாம் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. மருத்துவமனையில் இறந்தவர் வீட்டாரிடம் சொல்வது டாக்டரின் வேலை. அவள் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுப்பாள், அவ்வளவுதான். இங்கே டாக்டர் யாரும் இல்லை.

கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பவுனம்மாளின் கையைப் பிடித்தாள்.

"ஆன்டி, நான் வந்தப்போ அங்கிள் அடுப்படியில விழுந்து கெடந்தாரு. மூச்சு இல்ல. எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். அங்கிள் எறந்துட்டாரு."

பவுனம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. பிறகு கேட்டார்:

"அவரு பசியாறுனாரா?"

உஷாராணி திகைத்துப் போனாள். "தெரியல ஆன்டி."

"எனக்குக் கஞ்சி குடுத்துட்டுத்தான் அவரு பசியாறுவாரு. வெறும் வயித்தோடவா போயிட்டாரு?" உதடு துடித்தது. "நீங்க எண்ணுனது கேட்டுச்சி மிஸ்ஸி. மொதல்ல என்னான்னு வெளங்கல. அப்புறம் வெளங்கிருச்சி. நீங்க நிறுத்திடக் கூடாதுன்னு நானும் இங்கருந்து கூடவே எண்ணுனேன்."

அத்தனை வருட வேலையில் உஷாராணி எத்தனையோ பேருக்கு எண்ணியிருக்கிறாள். இன்னொரு குரல் கூடவே எண்ணிக்கொண்டிருக்கக்கூடும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"அவரப் பாக்கணும்" என்றார் பவுனம்மாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் மறுப்பு சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, இருவருமாகத் தூக்கிக்கொண்டுவந்து கணவருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். பவுனம்மாள் குனிந்து, விலகிக் கிடந்த சட்டையை இழுத்து, மிச்சமிருந்த ஒரு பொத்தானைப் போட்டுவிட்டார். நெற்றியைத் தடவினார்.

"எனக்குத் தெரியும்யா" என்றார். "புண்ணும் இல்ல, ஒன்னும் இல்ல. எல்லாம் தெரியும். எதுக்குய்யா ஒத்தையா சொமந்தீங்க?"

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. உஷாராணி சுவரோடு சாய்ந்துகொண்டாள். போன வாரமே நடந்திருக்க வேண்டிய பேச்சு அது. கேட்க வேண்டியவர் கேட்காமல் கிடந்தார்.

ஷாமினி தொழிற்சாலைச் சீருடையோடு ஓடிவந்தாள். வாசலில் உஷாராணியைப் பார்த்ததும் வெடித்தாள்.

"வாரா வாரம் வரீங்கல்ல மிஸ்ஸி? எங்கம்மா பிரஷரு, எங்கம்மா சாப்பாடு, எங்கம்மா தூக்கம் எல்லாம் கேட்டீங்கல்ல? எங்கப்பா மொகத்த ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

பார்த்திருந்தாள். வேர்த்திருந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினாள். அந்தக் கேள்வி நேரே வந்து அங்கேதான் குத்தியது.

வீட்டுக்குப் போய்ப் பரமேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "என்னால முடியாது, திரும்ப ஹாஸ்பிட்டலுக்கே போயிடறேன்" என்றாள். பழைய மேலாளரைக் கூப்பிட்டும் பேசிவிட்டாள். இடம் இருந்தது. பவுனம்மாளை வேறொரு தாதி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை கைப்பேசி ஒலித்தது. கன்னையாவின் எண். பெயர் திரையில் வந்ததும் கைப்பேசியைக் கீழே வைத்தாள், பிறகு எடுத்தாள்.

"மிஸ்ஸி, நாளைக்கு வருவீங்கல்ல?" பவுனம்மாள்தான். "யாரோ வேற மிஸ்ஸி வருதாம். எனக்கு வேணாம். அவரு போனப்ப கூட இருந்தது நீங்கதான். அவரப் பத்திப் பேசணும்னா உங்ககிட்டதான் பேச முடியும்."

உஷாராணி போனாள்.

ஷாமினி சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு தாயோடு தங்கியிருந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. உஷாராணி ரத்த அழுத்தக் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"உக்காருங்க ஷாமினி. கைய நீட்டுங்க."

"எனக்கு எதுக்கு? நானா பேஷண்ட்?"

"அப்பாவும் பேஷண்ட் இல்லதானே."

ஷாமினி வெறித்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியவள், மேசையில் தலைவைத்துத் தேம்பத் தொடங்கினாள். உஷாராணி அவசரப்படவில்லை. வேறெங்கும் போக வேண்டியதில்லை என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே, இனித் தள்ளிப்போடுவதில்லை என்று பவுனம்மாளிடம் கேட்டாள்: "ஆன்டி, என்கிட்ட சொன்னத மககிட்டயும் சொல்லலாமா?" பவுனம்மாள் சொன்னார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று கேட்டதும் ஷாமினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அந்த வீட்டில் ஒளிவுமறைவு இல்லை. எந்தப் புடவை யாருக்கு, பால் காரியத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடவே கூடாது என்று தாயும் மகளும் சில சமயம் சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள்.

கணவரின் அஸ்தி கரைத்த கடலைப் பார்க்க வேண்டும் என்றார் பவுனம்மாள் ஒருநாள். வலி மருந்தைக் கொடுத்து, பின்சீட்டில் தலையணைகளை அடுக்கி, உஷாராணியே கூட்டிப்போனாள். கப்பல்கள் நின்ற திசையைக் காரிலிருந்தே பார்த்தார். "இந்த மனுஷன் எனக்கு முன்னால போவாருன்னு யாரு கண்டா" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் தேங்காய்ப்பால் ஊற்றிய சென்டோல் ஐஸ் வாங்கித் தரச் சொல்லி இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

டாக்டர்கள் சில வாரங்கள் என்றார்கள். தீபாவளி தாண்டியும் இருந்தார். ஒரு மத்தியானம், வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த நேரம், மூச்சின் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஷாமினி பதறி, "ஏதாச்சும் பண்ணுங்க மிஸ்ஸி" என்றாள். உஷாராணியின் கைகள் பழைய பழக்கத்தில் ஒரு கணம் எழுந்தன. பிறகு அவள் ஷாமினியின் கையை எடுத்துத் தாயின் நெஞ்சின்மேல் வைத்தாள். "வலி இல்ல. நீங்க பேசுறது கேக்கும். பேசுங்க." ஷாமினி பேசினாள். பவுனம்மாள் மகளின் குரலைக் கேட்டபடியே போனார். யாரும் எண்ணவில்லை.

இருவருமாக உடம்பைத் துடைத்து, அவர் சொல்லிவைத்திருந்த பச்சைப் புடவையைக் கட்டினார்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டே ஷாமினி சொன்னாள்:

"மிஸ்ஸி, அன்னிக்கி வாசல்ல நான் பேசுனது…"

"சரியாத்தான் பேசுனீங்க" என்றாள் உஷாராணி.

வீடு திரும்பும்போது ஃபெடரல் நெடுஞ்சாலையில் அடைமழை. வண்டிகள் ஊர்ந்தன. இனி அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மனம் நிறைந்திருந்தது. ஒரு மனுஷி இறந்த வீட்டிலிருந்து இப்படித் திரும்புவது முறையா என்று தன்னையே அதட்டிப் பார்த்தாள். நிறைவு போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய மேலாளரைக் கூப்பிட்டு, இன்னும் தனக்காக வைத்திருந்த அந்த இடத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

பரமேஸ்வரன் தேநீர் கொண்டுவந்து வைத்தான். "அந்தம்மா போயிட்டாங்களா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றாள் உஷாராணி.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. திடுக்கிட்டுக் கணவனை நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் அதை மாற்றிச் சொல்லவில்லை.