என்னையே நான் காப்பி அடித்த நாள்

காலை பத்தே முக்காலுக்கு நூலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரிகள். உங்கள் ஆய்வேடு பரிசோதிக்கப்பட்டது. பிறருடைய எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு தொண்ணூற்றெட்டு சதவீதம். இது தானாக அனுப்பப்படும் மடல், பதில் எழுத வேண்டாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாகச் சிரித்தேன். அந்த எண் பத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு வருடம் பெங்களூர் பக்கம் சந்தாபுராவைச் சுற்றியுள்ள ஏரிகளில் முழங்கால் சேற்றில் நின்று, நத்தை பொறுக்கி, எண்ணி, அளந்து எழுதிய ஆய்வேடு அது. அந்த நத்தைகளை என்னைத் தவிர உலகத்தில் யாராவது சீந்துவார்களா? என் மாமியாரே, "இன்னும் அந்த நத்தையையா படிக்கிற, அது ஊர்ந்தே ஹோசூர் போயிருக்குமே" என்று ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் முறை படித்தபோதுதான் தேதி உறைத்தது. அன்று மாலை ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகத்தின் இணையதளம் மூடிவிடும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது, இனிமேல் கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை ஏற்றாவிட்டால் என் பதிவு ரத்து. ஏற்ற வேண்டுமானால் நூலகம் தரும் சான்றிதழ் வேண்டும். தொண்ணூற்றெட்டுக்கு எந்த நூலகமும் சான்றிதழ் தராது, போலீஸுக்குத்தான் போன் செய்யும்.

கணவருக்கு போன் செய்தேன். "ஏங்க, தொண்ணூத்தெட்டு வந்திருக்குங்க" என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"அட, சூப்பர்! யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட்டா?" என்றார் அந்த மனிதர்.

போனை வைத்துவிட்டேன். பிறகு ஓர் ஆராய்ச்சி மாணவி என்னவெல்லாம் செய்வாளோ அதையெல்லாம் செய்தேன். பதில் எழுத வேண்டாம் என்ற மடலுக்குப் பதில் எழுதினேன், போன வேகத்தில் திரும்பி வந்தது. நூலகத்தின் இணையப் பக்கத்தில் ஒரு படிவத்தை நிரப்பினேன். புகார் எண் ஒன்றைக் கொடுத்து, மூன்று வேலை நாட்களில் தொடர்பு கொள்வோம் என்றது. பக்கத்தின் மூலையில் ஒரு நீல உருண்டை குதித்துக்கொண்டிருந்தது, அதைத் தட்டினால் அரட்டை. "அவசரம், என் வாழ்க்கையே போகிறது" என்று அடித்தேன். நூலகம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்று அது எனக்குத் தெரியப்படுத்தியது. அன்று வெள்ளிக்கிழமை.

இவ்வளவும் நான்காவது மாடியில் உட்கார்ந்துகொண்டு செய்தேன். நூலகம் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறது. படியில் இறங்கிப் போய்க் கேட்கலாம் என்பது எனக்கு உறைக்க அரைமணி நேரமாயிற்று. சேர்ந்த புதிதில் அடையாள அட்டைக்காக ஒருமுறை உள்ளே போனதுதான். அதற்குப் பிறகு எல்லாம் தரவிறக்கம், எல்லாம் மின்னஞ்சல். நூலகம் என்பது எனக்கு ஒரு கடவுச்சொல், அவ்வளவுதான்.

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். உள்ளே ஒரு பெரிய மேசைக்குப் பின்னால் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, கணினித் திரையை மூக்கால் தொடுவதுபோல் குனிந்திருந்தார். நூலகர். "மேடம், அந்த நத்தை தீசிஸ்..." என்று ஆரம்பித்தேன்.

"தொண்ணூத்தெட்டா? வாம்மா, வா, உக்காரு. என் சர்வீஸ்ல இவ்ளோ தைரியமான பொண்ண நான் பாத்ததே இல்ல" என்றார் நல்ல பெங்களூர்த் தமிழில்.

அறிக்கையை முழுதாகத் திறந்து காட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே சிவப்பு. எல்லாச் சிவப்பும் ஒரே இடத்தைக் கை காட்டியது. ஆனேக்கல் பக்கத்தில் ஒரு கல்லூரி. போன மாதம் அங்கே ஏற்றப்பட்ட ஒரு கட்டுரை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "திருடிட்டாங்க மேடம்! யாரோ என் ஆறு வருஷத்த அப்படியே திருடிட்டாங்க!"

"திருடினவங்க உன் தப்பையும் சேத்துத் திருடியிருக்காங்களே. நாப்பதாம் பக்கத்துல ஏரி பேரை ரெண்டு தடவ போட்டிருக்க, அங்கயும் ரெண்டு தடவ இருக்கு." திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "அந்த காலேஜ்ல உனக்கு யாரையாவது தெரியுமா?"

தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. என் தோழி அங்கே விரிவுரையாளர். போன மாதம் பயத்தில் அவளிடம் ஆய்வேட்டைக் கொடுத்து, உங்கள் நூலகத்தில் ரகசியமாக ஒருமுறை சோதித்துப் பார் என்று கெஞ்சினேன். ஆறு சதவீதம் வந்தது. வீட்டில் அன்று கேசரி கிளறினேன். ஆனால் சோதிக்கும் மென்பொருளில் ஒரு குட்டிக் கட்டம் உண்டு. இந்தக் கட்டுரையைச் சேமித்து வைக்கவா என்று கேட்கும். அந்தக் கல்லூரி நூலகர் அதைக் கவனிக்கவில்லை. அது சேமித்துக்கொண்டது. அதனால் நான் இப்போது என்னையே காப்பி அடித்துப் பிடிபட்டிருக்கிறேன்.

"அய்யோ தேவ்ரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உன் மெயிலத் திற."

திறந்தேன். நூலகத்திலிருந்து வந்த மடல்கள் மட்டும் நானூற்றுச் சொச்சம், ஒன்றைக்கூட நான் திறந்திருக்கவில்லை. தேடி ஒன்றைத் தட்டினார். வெளியிடத்தில் சோதிப்பவர்கள் சேமிக்க வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும், இல்லாவிட்டால் பிறகு சிக்கல் வரும். மஞ்சள் பெட்டி, சிவப்பு எழுத்து, பக்கத்தில் ஒரு கை விரலை ஆட்டி எச்சரிக்கும் படம். இதே மடல் மூன்று முறை வந்திருந்தது.

"அந்த டப்பா போட என் பொண்ணுகிட்ட ஒரு சனிக்கெழம பூரா உக்காந்து கத்துக்கிட்டேன்" என்றார். "கலரா இருந்தா படிப்பாங்கன்னு அவ சொன்னா."

அசடு வழிந்தேன். வேறென்ன செய்ய?

திட்டவில்லை அவர். வழியைச் சொன்னார். அந்தக் கல்லூரி நூலகர் தன் அலுவலக மின்னஞ்சலிலிருந்து, அது இந்தப் பெண்ணின் சொந்த வரைவுதான், தவறுதலாகச் சேமிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். இவர் அந்த ஒரு மூலத்தை நீக்கிவிட்டுக் கணக்கிடலாம், அதற்கு விதி இருக்கிறது.

தோழிக்கு போன் செய்தேன். தேர்வுக் கண்காணிப்பில் இருந்தாள், போன் அணைந்து கிடந்தது. கல்லூரி எண் அடித்துக்கொண்டே இருந்தது. மேடம் அந்த நூலகருக்கு முறைப்படி ஒரு மடல் அனுப்பினார். நான் விடுப்பில் இருக்கிறேன், திங்களன்று பதிலளிக்கிறேன் என்று நொடியில் பதில் வந்தது. மணி ஒன்றரை.

"மெயில நம்பினா உன் நத்தைதான் ஜெயிக்கும்" என்று சொல்லிக் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். கர்நாடகா பூராவும் உள்ள நூலகர்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு. காலை வணக்க ரோஜா, விளக்கேற்றிய பிள்ளையார், யாருக்கோ பிறந்தநாள் கேக், மறுபடி ரோஜா. இதற்குள் போய் என் ஆறு வருடத்தைத் தேடப்போகிறாரா என்று எனக்கு அழுகையே வந்தது. ஆனேக்கல் கல்லூரி நூலகர் எங்கே என்று கன்னடத்தில் மூச்சுவிடாமல் ஒரு குரல் செய்தி பேசி அனுப்பினார். கும்பிடும் கைகள் நாலு வந்தன. ஒருவர் ரோஜா போட்டார். அடுத்த நிமிடம் ஒருவர், அவர் பேரனுக்கு இன்னிக்குக் காதுகுத்து ஆச்சே, அத்திபெலேயில் மண்டபம் என்று எழுதினார். அதற்கடுத்து எண் வந்து விழுந்தது. மொத்தம் நாலு நிமிடம்!

போனை ஒலிபெருக்கியில் போட்டார். அந்தப் பக்கம் மேளம் காதைப் பிளந்தது.

"ஹலோ, யாரு? ஊட்டா ஆய்த்தா? சாப்ட்டீங்களா?" இரண்டு மொழியிலும் விசாரித்தார் அந்தத் தாத்தா.

"சார், ஒரு பொண்ணு தீசிஸ் உங்ககிட்ட மாட்டிக்கிட்டிருக்கு!"

"மாடிக்குப் போங்கன்னு சொல்லுங்க, பந்தி மேலதான்!"

மேடம் எழுந்து நின்று கத்தினார். தலைக்கு மேலே அமைதி காக்கவும் என்ற பலகை. காதில் இயர்போன் மாட்டிப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவழியாக அவருக்கு விஷயம் புரிந்ததும் பதறிப்போனார். "அய்யய்யோ, அந்தக் கட்டத்துல டிக்கு எடுக்கணுமா? நான் அது அழகுக்கு இருக்குன்னுல்ல நெனச்சேன்!" உடனே எழுதுகிறேன் என்றவருக்கு, போன வாரம் மாற்றிய கடவுச்சொல் மறந்துவிட்டது. மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மனைவியைக் கூவிக் கேட்டார். அந்த அம்மா அதே சத்தத்தில் பதில் சொன்னார். இப்போது அது எனக்குத் தெரியும், மேடத்துக்குத் தெரியும், மேளக்காரருக்கும் தெரியும்.

ஆனாலும் மண்டபத்தில் சிக்னல் சரியில்லை. வெளியே போகிறேன், மெயின் ரோட்டில் நிற்கிறேன், இப்போது ஒரு கோடு வருகிறது என்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் மேசை விளிம்பைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே முக்காலுக்கு மடல் வந்தது. இந்த நத்தைக் கட்டுரை இந்தப் பெண்மணிக்கே சொந்தம் என்று உறுதி கூறுகிறேன், தவறு என்னுடையது, மன்னிக்கவும், இருவரும் அவசியம் சாப்பிட வரவும்.

மேடம் அந்த மூலத்தை நீக்கினார். சக்கரம் சுற்றியது, சுற்றியது. நான்கு சதவீதம்.

நான் கத்திவிட்டேன். மேசையைச் சுற்றி ஓடி அவரைக் கட்டிப்பிடித்தேன். "லைப்ரரிம்மா இது, மெதுவா" என்று சொன்னவர், தானே விழுந்து விழுந்து சிரித்தார். கணவருக்குச் சொன்னேன். "நாலா? தொண்ணூத்தெட்டுலேர்ந்து நாலா எறங்கிட்ட?" என்று அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"அந்த நாலு என்னன்னு பாக்கலாமா?" என்று மேடம் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊர்ப் பெயர்கள், நத்தைகளின் அறிவியல் பெயர்கள். முன்பக்கம் வந்ததும் கை நின்றது. ஒரு பக்கம் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஊதா நிறம். நன்றியுரை. சீனியர் ஒருவருடைய ஆய்வேட்டிலிருந்து எடுத்து, வழிகாட்டியின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருந்தேன். ஆறு வருடம் எழுதிக் களைத்தபின் நன்றியுரையை யார் உட்கார்ந்து எழுதுவார்கள்?

அதில் ஒரு வரியை மேடம் வாய்விட்டுப் படித்தார். "உரிய நேரத்தில் மனமுவந்து உதவிய நூலக ஊழியர்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி." பிறகு சொன்னார். "இந்த லைன் வாராவாரம் என்கிட்ட வரும்மா. ஒரு கமா கூட மாறாது. எழுதினவங்க ஒருத்தரையும் நான் பாத்ததில்ல."

குரலில் கோபம் ஏதுமில்லை. "நாலு பரவால்ல, சர்டிபிகேட் தரேன், போய் ஏத்து. நாலு மணி தாண்டிடிச்சு" என்றார்.

எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து அந்தப் பக்கத்தை முழுதாக அழித்தேன். வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இந்த அம்மாவின் நானூறு மடல்களுக்கும் கீழே "நூலகம்" என்றுதான் கையெழுத்து இருந்தது.

"மேடம், உங்க பேரு என்ன?"

"எதுக்கும்மா?"

"போடணும்."

சொன்னார். கொஞ்சம் கழித்து, "இனிஷியல் முன்னாடி போடு, எங்கப்பாவோடது" என்றார். அப்புறம், "அந்த அத்திபெலே மனுஷனையும் போடு. பாவம், நடுரோட்டுல நின்னாரு."

ஏழெட்டு வரி எழுதினேன். மஞ்சள் பெட்டியையும் எழுதினேன், மேளத்தையும் எழுதினேன். தேவையில்லை என்றாலும் மேடம் அதை வாங்கி இன்னொரு முறை சோதனைக்குப் போட்டார். ஐந்துக்குப் பதினெட்டு நிமிடம் இருந்தது. அந்தப் பக்கம் ஒரு புள்ளி நிறம்கூட இல்லாமல் வெள்ளையாக வந்தது. அவர் திரைக்குக் கிட்டே குனிந்து தன் பெயரை ஒருமுறை மெல்லப் படித்தார், வேறு யாருடைய பெயரையோ படிப்பதுபோல.

"சரி, ஏத்தும்மா" என்றார். "டைம் ஆகுது."