ராணுவ ரேடியோவின் சிவப்புக் கோடு

ஹம்ஸா மாமிக்கு ஒரு சக்களத்தி உண்டு என்பது எங்கள் உத்தர வீதி முழுக்கத் தெரிந்த விஷயம். மாமியே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஆலிவ் பச்சை நிறத்தில், ஒரு ஆளால் தூக்க முடியாத கனத்தில், முகம் முழுக்கத் திருகுகளும் பெரிய முள்வட்டமுமாக இருந்த ராணுவ ரேடியோதான் அது. பட்டாளத்தில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ராஜகோபாலன் மாமா, கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது ஆசைப்பட்டு எடுத்து, ரயிலேற்றி ஸ்ரீரங்கம் கொண்டுவந்து சேர்த்தார்.

மாமாவின் அப்பா கோவில் கோஷ்டியில் பிரபந்தம் சேவித்தவர். பிள்ளை பட்டாளத்துக்குப் போனது அந்த வீட்டில் அந்தக் காலத்தில் பெரிய கலவரம். திரும்பி வந்தவர் டெலிபோன் ஆபீசில் சேர்ந்து, காலையில் சந்தியாவந்தனம், சாயங்காலம் பெருமாள் சேவை என்று நல்ல பிள்ளையாகிவிட்டார். ஆனால் கோவிலிலிருந்து வந்ததும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். எங்கோ நடுக்கடலில் போகிற கப்பலிலிருந்து யாரோ அனுப்பும் மோர்ஸ் சத்தம். அதில் அப்படி என்ன சுகமோ! மாமி காபியை நீட்டினால் கை மட்டும் வந்து வாங்கிக்கொள்ளும், முகம் திரும்பாது.

மாமி சும்மா விடுவாரா? உள்ளே வால்வுகள் எரிவதால் பெட்டியின் மேல்தகடு கதகதவென்று இருக்கும். மார்கழிக் குளிரில் பால் தோயாமல் படுத்தும்போது, உறை குத்தின பாத்திரத்தைத் தூக்கி அதன் தலையில் வைத்துவிடுவார். "தேசத்தைக் காப்பாத்தினது போறும், தயிரைத் தோய்க்கட்டும்" என்பார். மாமா முறைப்பார். முறைத்துவிட்டு அதே தயிரை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். மாடியில் குடியிருந்த எனக்கும் ஒரு கிண்ணம் வரும். அந்தத் தயிரின் ருசி இன்னும் நாக்கிலேயே இருக்கிறது. 

மாமா இரண்டு வருஷத்துக்கு முன் ஆசார்யன் திருவடி சேர்ந்தார். பிள்ளை ஸ்ரீவத்ஸ் பெங்களூரிலிருந்து வந்து, பழைய வீட்டைக் காலி செய்து, மாமியை அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ஃப்ளாட்டில் குடிவைத்தான். பெட்டி பழைய சாமான்காரரோடு போனது. அதைக் கொடுக்கலாமா என்று மாமியை யாரும் கேட்கவில்லை. 

போன வாரம் பேச்சுவாக்கில் ஒரு சேதி சொன்னேன். கண்டோன்மென்ட் பக்கம் அடைக்கலராஜ் என்று ஒருவர், பழைய ரேடியோக்களையும் ராணுவக் கருவிகளையும் சேர்த்துத் தன் வீட்டின் கீழ்த்தளத்தையே மியூசியமாக ஆக்கியிருக்கிறாராம். மாமி உடனே செருப்பைத் தேடினார்.

"பானுமதி, அவ அங்க இருக்காளான்னு பாக்கணும்டி. உடைச்சுப் போட்டிருந்தா போறது. இருந்தா ஒரு தடவை தொட்டுட்டு வந்துடறேன்."

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் வரும்வரை பேசிக்கொண்டே வந்தவர், பாலம் தாண்டியதும் மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடைக்கலராஜ் விமானப்படையில் ரேடார் பார்த்தவர். "வாங்கம்மா, வாங்க" என்று வாசலுக்கே வந்துவிட்டார். பஞ்சாயத்து ரேடியோ, கைப்பிடியைச் சுற்றினால் மணியடிக்கும் போர்க்கள டெலிபோன், முதுகில் சுமக்கும் வயர்லெஸ் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். மனுஷருக்கு அவற்றின் மேல் அவ்வளவு பிரியம். மாமியின் காதில் ஒன்றும் ஏறவில்லை. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவர் மாதிரி அறை அறையாகக் கண்ணை ஓட்டிக்கொண்டே போனார்.

கடைசி அறையில் நின்றுவிட்டார். பச்சைப் பெட்டி. மேல்தகட்டில் பெயின்ட் மங்கி, பாத்திரம் வைத்த வட்டத் தடம். மாமி அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இவதான்" என்றார். கண்ணில் நீர் முட்டியது. எனக்கும்தான்.

பெட்டியின் பக்கத்தில் ஒரு அட்டை. 'போரில் பயன்பட்ட ரிசீவர். முகப்பிலுள்ள சிவப்புக் கோடு, அடையாளம் தெரியாத படைப்பிரிவின் குறி.' படித்ததும் அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது எனக்கு.

"சிரிக்காதீங்க மேடம். இது எந்த யூனிட்டுன்னு டெல்லி வரைக்கும் போட்டோ அனுப்பிக் கேட்டிருக்கேன். இன்னும் ஒருத்தரும் சொல்லல" என்றார் அடைக்கலராஜ்.

"அவாளுக்கு எப்படித் தெரியும்? அது எங்காத்து நாமம்" என்றார் மாமி. "ஆயுத பூஜை அன்னிக்கு அவர் தீர்த்தமாடிட்டு வந்து இதுக்குத் திருமண் சாத்துவார். வெள்ளை உதிர்ந்து போயிருக்கு. நடுவுல இட்ட சிவப்பு ஸ்ரீசூர்ணம் மட்டும் ஒட்டிண்டு நிக்கறது."

அடைக்கலராஜின் முகம் விழுந்துவிட்டது.  பிறகு தெளிந்துவிட்டார்.

"நல்லவேளை சொன்னீங்க. பட்டாளத்துல இருந்த மாதிரியே பொருள் இருக்கணும்மா, அதான் மியூசியத்துக்கு அழகு. ஸ்பிரிட் போட்டா இப்பவே போயிடும்" என்று அலமாரியிலிருந்து பாட்டிலையும் துணியையும் எடுத்தார்.

 யாருக்கும் தெரியாத படையின் குறியாக இருந்தவரை அந்தக் கோட்டுக்கு ராஜ மரியாதை. ஒரு மனுஷர் இட்டது என்று தெரிந்ததும் அழுக்காகிவிட்டது. இது என்ன நியாயம்? நான் வாயைத் திறப்பதற்குள் மாமி பெட்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுவிட்டார்.

"செத்த இருங்கோ. இது யுத்தத்துக்குப் போனது வாஸ்தவம். அதைவிட ரொம்ப நாள் எங்காத்துல இருந்திருக்கு. அது மட்டும் கணக்குல சேராதா? கடைசி வருஷம் அவருக்குக் கை நடுங்கித்து. நான் சாத்தட்டுமான்னு கேட்டேன், விடல. பாருங்கோ, கீழ வரச்சே கோணிண்டு போயிருக்கு. அது அவர் விரல். அவர் விரல் எனக்கு வேற எங்கயும் இல்ல."

அடைக்கலராஜ் குனிந்து பார்த்தார். அந்தக் கோணலை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பாரோ. பாட்டிலை மூடினார். அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இத யாரும் தொட மாட்டாங்க" என்றார். அப்புறமும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, எங்களுக்கு வைக்கத் தெரியாது. ஆயுத பூஜைக்கு உங்க பையனக் கூட்டிட்டு வாங்க. அதே இடத்துல புதுசா வெச்சிட்டுப் போங்க."

மாமி பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே தலையை ஆட்டினார்.

"வேண்டாம். புதுசா சாத்தினா அவர் சாத்தினது மறைஞ்சு போயிடும்."