ஞானமுத்து உட்கார்ந்திருந்த வாசற்படி

கம்பத்துக்கு அப்பால் உள்ள சிறு சபைகளுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று சக ஊழியர்கள் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மதுரையில் போதகராக இருக்கும் நான் சென்ற மாசியில் அந்தப் பக்கம் மூன்று நாள் போய் வந்தேன். வழி விவரங்களை மட்டும் எழுதித் தருவதாகத்தான் இருந்தேன். ஆனால் வழியில் நடந்ததைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காமயகவுண்டன்பட்டிக்கு ஒன்றரை மைல் தள்ளி, வாய்க்கால் கரையோரம் பதினேழு வீட்டுச் சபை ஒன்று இருக்கிறது. அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் இராப்போஜனத்தை அவர்களுக்கு நான் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இன்னொரு வேலையும் இருந்தது. ஞானமுத்து என்ற சபையார் ஆடிச் சனிக்கிழமையன்று குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் காணப்பட்டார் என்று அவ்வூர்ச் சபையைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் எனக்கு முன்பு எழுதியிருந்தார். நான் உடனே உபதேசியாருக்கு ஒரு தபால் கார்டு போட்டேன். செய்தது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடும்வரை ஞானமுத்துவுக்கு இராப்போஜனம் கிடையாது, சபைக்குள் இடமும் கிடையாது என்று எழுதினேன். அது ஒன்றரை வருஷக் கதை. அந்த மனிதர் எழுதித் தரவில்லை. இந்த முறை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று போனேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மதுரையில் ரயில். அது சின்ன ரயில். உசிலம்பட்டிக்கு அப்புறம் மேட்டில் ஏறும்போது கூடவே நடந்து போகலாம் போலிருக்கும். தேனியில் இறங்கும்போது பத்தேகால். மூன்றாம் வகுப்புக்குப் பன்னிரண்டணா. ஸ்டேஷனுக்கு வெளியே கம்பம் பஸ் நிற்கும், ஆனால் ஆள் நிறையாமல் கிளம்பாது. நாங்கள் கிளம்பியது பதினொன்றேகாலுக்கு. இருபத்தைந்து மைலுக்குப் பத்தணா. இடது பக்கம் உட்காருங்கள்; மேகமலை கூடவே வரும், வெயிலும் பின்னேரத்தில் அந்தப் பக்கம் படாது.

இராப்போஜனத்துக்காக என் மனைவி உலர்ந்த திராட்சையை ஊற வைத்துப் பிழிந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றித் தந்திருந்தாள். துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன்.

சின்னமனூரில் பஸ் நின்றதும் குச்சனூர் போய்த் திரும்பியவர்கள் ஏறினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், இடது காலைச் சற்று இழுத்து நடந்தவர், என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு தூக்குச் சட்டி. முன் இருக்கையில் உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் வாழைத்தார் ஏலம் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஊர் தாண்டி இரண்டு மைலில் ஒரு பாலத்துக் குழியில் பஸ் விழுந்து எழுந்தது. என் மடியிலிருந்த புட்டி முன்கம்பியில் மோதி உடைந்தது. வேட்டி, கோட்டு, கால்செருப்பு எல்லாம் சிவப்பு.

ராவுத்தர் திரும்பிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, மெதுவாகக் கேட்டார்: "ஐயா, மருந்தா, சரக்கா?"

"ரெண்டும் இல்லை. நாளைக்குச் சபையில் கொடுக்க வேண்டிய திராட்சை ரசம்."

"அடடா. ஆண்டவன் வேற வழி வச்சிருப்பான், விடுங்க" என்று தன் தோள் துண்டை எடுத்து நீட்டினார்.

பக்கத்து அம்மாள் அதை வாங்கி, கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சன்னலுக்கு வெளியே போட்டார். என் கையில் பட்ட கீறலைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு எந்த ஊர்ல குடுக்கணும்?" என்றார். ஊரைச் சொன்னேன். துடைத்த கை நின்றது.

"அப்ப எந்தம்பியை வெளிய நிப்பாட்டுன ஐயரு நீங்கதானா?"

போதகரை அந்தப் பக்கம் ஐயர் என்பார்கள். அந்த அம்மாள் பெயர் பேச்சியம்மாள். ஞானமுத்துவின் அக்காள்.

குரலை உயர்த்தாமல்தான் பேசினார். தம்பி கிறிஸ்தவனானதிலிருந்து ஒன்பது வருஷம் அவனோடு பேச்சு வார்த்தை இல்லையாம். பிறகு வாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. குச்சனூருக்கு நேர்ந்துகொண்டார். வண்டி கட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. மகன் மலைமேல் எஸ்டேட்டில். பங்காளிகள் நடவு என்றார்கள்.

"கடைசில அவனுக்குத்தான் சொல்லிவிட்டேன். ஒன்பது வருசம் மூஞ்சி குடுத்துப் பேசாதவ கூப்பிடுறேன்னு ஒரு வார்த்தை கேக்கலைய்யா அவன். மறுநாள் விடியுமுன்ன மாட்டைப் பூட்டிட்டு வந்து நின்னான். கோயில் வாசல்ல என்னைத் தூக்கி எறக்கிவிட்டுட்டு, அவன் மாட்டுக்கிட்ட நின்னுக்கிட்டான். உள்ள வரலை. நானும் கூப்பிடலை. அவன் சாமி அவனுக்கு."

"இதை அவர் எங்களுக்குச் சொல்லவே இல்லையே" என்றேன்.

"நீங்க கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை. கார்டுதான் போட்டேன். உத்தமபாளையத்தில் ராவுத்தர் சலாம் சொல்லி இறங்கினார், பஸ் மறுபடி கிளம்பியது.

பேச்சியம்மாளே தொடர்ந்தார்: "நானே அவங்கிட்டச் சொன்னேன். எழுதிக் குடுத்துத் தொலையேண்டா, தப்புன்னு ஒரு வார்த்தை எழுதுனா என்ன கொறைஞ்சா போவேன்னு. முடியாதுன்னுட்டான். அக்காளைத் தூக்கிட்டுப் போனது தப்புன்னு நான் எழுத மாட்டேன், சபை வாசப்படியிலயே உக்காந்துக்கிறேன்னான். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை அங்கனதான்யா உக்காந்திருக்கான்."

தூக்குச் சட்டியைத் திறந்து, கோயிலில் படைத்த எள்ளுச் சாதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடிவிட்டார். "இது உங்களுக்கு ஆகாது" என்று முந்தானையிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று அந்த அம்மாள் யோசித்தார். அவர் தம்பி விஷயத்தில் நான் அவ்வளவுகூட யோசித்திருக்கவில்லை.

கம்பம் சேர்ந்தது இரண்டு மணிக்கு. ஸ்டாண்டில் அக்காளுக்காக வண்டியோடு ஞானமுத்து காத்திருந்தார். ஒல்லியான மனிதர், நாற்பத்தைந்து வயது இருக்கலாம். என்னைக் கண்டதும் துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டு, "தோத்திரம்யா" என்றார்.

"ஐயரையும் ஏத்திக்கடா. பாவம், நாளைக்குக் குடுக்க வச்சிருந்த ரசப் புட்டி ஒடைஞ்சுபோச்சு" என்றார் பேச்சியம்மாள்.

காமயகவுண்டன்பட்டி மூன்று மைல். மாட்டின் மணிச் சத்தம்தான் கேட்டது. ஊர் எல்லையில் ஞானமுத்து வண்டியை ஒரு தோட்டத்துப் பக்கம் திருப்பினார். பந்தலடியில் பன்னீர் திராட்சை கருகருவென்று தொங்கியது. அவர் குத்தகைக்கு எடுத்த தோட்டம். குனிந்துதான் உள்ளே போக முடியும். அவர் கொத்துக் கொத்தாக அறுத்துக் கூடையில் போட்டார்.

"நாளைக்கு எத்தனை பேருய்யா? முப்பது பேருக்கு இது காணுமா?"

ஒன்றரை வருஷமாக அவர் உதட்டில் படாத பாத்திரத்துக்கு அவரே பழம் அறுத்துக்கொண்டிருந்தார். என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. "ஞானமுத்து, நான் விசாரிக்காமல் தப்புச் செய்துவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன்.

அவர் அறுப்பதை நிறுத்தவில்லை. "இங்கன சொல்ல வேணாம்யா" என்றார். "நீங்க எழுதுனதைச் சபையில எல்லார் முன்னாடியும் வாசிச்சாக. எம் பொண்டாட்டி பிள்ளையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாக. இதையும் அங்கனயே சொல்லுங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை. நியாயம்தான் இருந்தது. எனக்கு அது கோபத்தைவிடக் கடினமாக இருந்தது.

உபதேசியார் வீட்டில்தான் தங்கினேன். அவரிடம் சொன்னபோது அவர் பயந்துபோனார். "ஐயரே, போதகரே தப்புன்னு சொல்லிட்டா அப்பறம் சபை ஒழுங்கை யாரு மதிப்பாக? நான் பாத்ததைத்தான எழுதுனேன்? பாத்தது நெசந்தான?"

"நீங்கள் பார்த்தது நிஜம்தான். பார்த்ததை எழுதினீர்கள். கேட்க வேண்டியவன் நான், கேட்கவில்லை."

ஆனாலும் அவர் சொன்னது என்னை உறுத்தியது. இருபத்திரண்டு வருஷ ஊழியத்தில் பிரசங்கப் பீடத்திலிருந்து எத்தனையோ பேரின் பாவத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். என் பெயரைச் சொல்லி ஒன்றைப் பேசியதில்லை.

ஞாயிறு காலை எட்டரைக்கு ஆராதனை. ஓலைக் கூரை, சாணம் மெழுகிய தரை. ஞானமுத்துவின் மனைவி பிழிந்து வடிகட்டிய ரசம் வெண்கலச் செம்பில் வந்துவிட்டது. ஞானமுத்து வழக்கம்போல வாசற்படியில் உட்கார்ந்தார். பேச்சியம்மாளும் வந்து, பெண்கள் பக்கத்தில் கடைசியாக, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். "எந்தம்பிக்கு என்ன சொல்றாகன்னு கேக்க வந்தேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னது எனக்கே கேட்டது.

பிரசங்கம் செய்யவில்லை. நடந்ததைச் சொன்னேன். கார்டு எழுதினது நான், விசாரிக்காதது நான், ஒன்பது வருஷப் பகையை ஒரு காலைப்பொழுதில் தூக்கிச் சுமந்த மனிதரை வெளியே உட்கார வைத்தது நான் என்றேன். "ஞானமுத்துவிடமும் அவர் வீட்டாரிடமும் இந்தச் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றபோது என் குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. ஒரு குழந்தை இருமியது. உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானமுத்து எழுந்து உள்ளே வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அப்போதுதான் புரிந்தது, வர வேண்டியது அவர் அல்ல என்று. அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சபை நடுவே நடந்து வாசலுக்குப் போய், அவர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்து முதலில் அவருக்குக் கொடுத்தேன். பாத்திரத்தை இருவரும் சேர்த்துப் பிடித்தோம். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்கே வந்தார்கள். கடைசியாக உபதேசியார் வந்து ஞானமுத்துவின் தோளைத் தொட்டார்.

முடிந்ததும் பேச்சியம்மாள் கேட்டார்: "இம்புட்டுத்தானா? இதை அப்பயே செஞ்சிருக்கலாமில்ல?"

"செஞ்சிருக்கலாம்மா" என்றேன்.

இனி, போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சனிக்கிழமைகளில் குச்சனூர்க் கூட்டத்தால் சின்னமனூரில் பஸ் நெரியும். இடம் வேண்டுமானால் தேனியிலேயே உட்கார்ந்துவிடுங்கள். கம்பத்திலிருந்து உள்ளூர்களுக்கு வண்டி வாடகை ஆறணாவுக்கு மேல் கொடுக்க வேண்டாம். வாய்க்கால் கரையில் தண்ணீர் விட்டிருக்கும் நாளில் வழுக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் கண்ணாடி எதுவும் கொண்டுபோகாதீர்கள். புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டும் போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். ஆண்டவர் எனக்குச் சொல்ல நினைத்ததைத் திருநீறு பூசிய ஒரு அம்மாள் வாயால் சொன்னார். நான் சன்னல் பக்கம் திரும்பியிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

திங்கட்கிழமை தேனியில் மதுரை ரயிலுக்குக் காத்திருந்தேன். எதிர்ப்பக்கம் போகும் போடி ரயில் முதலில் வந்தது. போடியில் ஒரு குடும்பத்தை நான்கு வருஷமாகச் சபைக்கு வெளியே வைத்திருக்கிறேன். தப்பு அவர்கள் மேலேயே இருக்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ரயிலில் ஏறினேன்.